இழுவைமடி இழுத்துச் சென்ற இடம்

1376-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு போனது. புதிதாக வந்திருக்கும் வலையொன்று கடலின் அடியைச் சுரண்டுகிறது; அதன் கண்கள் மிகச் சிறியவை என்பதால் மீன்குஞ்சுகூடத் தப்புவதில்லை; அகப்படும் பொடிமீனை என்ன செய்வதென்று தெரியாமல் பன்றிக்குப் போடுகிறார்கள் என்பது புகார். மூன்றாம் எட்வர்ட் மன்னர் காலத்து அந்த மனுவில் பன்றியை எடுத்துவிட்டுக் கோழி என்று எழுதிக் கொடுத்தால், பாக் விரிகுடாக் கரையின் நாட்டுப்படகு மீனவர்கள் இன்றே கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த வலையின் பேரன்தான் நம்முடைய இழுவைமடி. இந்தியக் கரைகளில் அது பரவியதற்கு ஒரு நல்லெண்ணத் திட்டம் காரணம். 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் போட்டு, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் வேலையைத் தொடங்கின. மீனவனின் வாழ்வை எந்திரத்தால் உயர்த்த வேண்டும் என்பதே நோக்கம். அதற்குள் அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்கு நல்ல விலை கொடுக்கத் தொடங்கிவிட்டன. சேற்றில் கிடக்கும் இறாலைக் கிளப்ப, தரையைக் கிளறும் மடி வேண்டும். உள்ளூர்ச் சோற்றுக்கு மீன் என்று தொடங்கியது, வெளிநாட்டு மேசைக்கு இறால் என்று மாறியது. தமிழக அரசும் கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகுகளை இறக்கியது. கடலையே பார்த்திராத பலருக்கும் அது நல்ல முதலீடாகத் தெரிந்தது.

மடி வேலை செய்யும் விதம் எளியது. நீரின் தள்ளுவிசையில் இரண்டு பலகைகள் விலகி வலையின் வாயை விரிக்கின்றன. அடிக்கயிறு தரையோடு உரசி வருகிறது. கடைசியில் இருக்கும் பையில் எல்லாம் சேர்கிறது. ஆழ்கடலிலேயே இது கேடு. பாக் விரிகுடாவிலோ சராசரி ஆழம் பத்து மீட்டரைத் தொடுவதில்லை. வெளிச்சம் தரைவரை இறங்குவதால்தான் அங்கே கடற்புல் செழிக்கிறது. அதை மேய்ந்துதான் ஆவுளியா எனும் கடற்பசு வாழ்கிறது. அதற்குள்தான் இறால், நண்டுக் குஞ்சுகள் வளர்கின்றன. அதன்மேல் மடியை இழுப்பது விதைநெல் முளைத்த நாற்றங்காலில் ஏர் ஓட்டுவதுதான். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வளர்ந்தால் விலைபோகும் மீன்களின் குஞ்சுகள் ‘சங்காயம்’ என்ற பெயரில் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போவது நிற்கவில்லை.

இயற்கைக்கு நேர்ந்த கேட்டைப் பலர் எழுதியாயிற்று. மடி இழுக்கும் படகின் சுக்கானைப் பிடிப்பவருக்கு என்ன ஆனது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. பாய்மரத்தில் போனவருக்கு எசமான் காற்று. வாடையா, சோழகமா, கொண்டலா என்று பார்த்து, இன்று கடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வலை பின்ன உட்காரலாம். விசைப்படகுக்காரருக்கு அந்த உரிமை இல்லை. டீசலுக்கு வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் இருக்கிறது. பிடித்ததை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். எஞ்சின் கடன் இருக்கிறது. படகு கரையில் நின்றாலும் வட்டி நிற்காது. காற்றிடமிருந்து விடுவித்த எந்திரம் கடன்காரரிடம் கொண்டுபோய் விட்டது.

கடன் துரத்த, கடல் சுருங்குகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கு உரியது. இராமேசுவரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் முறை. கொஞ்ச தூரம் போனால் இலங்கை எல்லைக்கோடு. நம் பக்கத்துத் தரையைச் சுரண்டியாயிற்று. இறால் இருப்பது அந்தப் பக்கம். போகிறார்கள்.

அந்தப் பக்கம் இருப்பவர்களும் தமிழர்கள். போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே தடை விதிக்கப்பட்டு, 2009-க்குப் பிறகு சிறு கண்ணாடியிழைப் படகும் வலையுமாக மீண்டும் தொழிலைத் தொடங்கிய யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்கள். இரவில் விரித்த வலையை விடியலில் தேடினால் மடி கிழித்துக்கொண்டு போயிருக்கும். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டமிட்டுத் தடை செய்தது. பிடிபடும் நம் படகுகள் பறிமுதலாகின்றன, படகோட்டிகளுக்குச் சிறை. இலங்கைக் கடற்படையின் அத்துமீறலைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கச்சத்தீவைப் பற்றி மேடைகளில் பேசுபவர்கள் மடியைப் பற்றி வாய் திறப்பதில்லை. கச்சத்தீவே நாளை நம் கைக்கு வந்தாலும் இந்த மடியோடு போனால் சில வருடங்களில் அதைச் சுற்றியும் வெறும் சேறுதான் மிஞ்சும்.

கட்டுமரக் காலம் பொற்காலமா என்று கேட்கலாம். இல்லை. புயலில் போனவர்கள் திரும்பாத வீடுகள் எல்லாக் குப்பத்திலும் உண்டு. வள்ளத்தின் பின்னால் ஒரு சிறு எஞ்சினை மாட்டிக்கொண்டு வழிவலை விடும் மீனவரும் நவீனத் தொழில்நுட்பத்தைத்தான் பயன்படுத்துகிறார். அவரால் நாளைக்கு வேறு வலையைப் போட முடியும், பருவத்துக்கு ஏற்ப மீனை மாற்ற முடியும், கடலும் ஓய்வெடுக்கும். எஞ்சினின்மேல் எனக்குப் பகை இல்லை. பிடித்துக்கொண்டே இருந்தால்தான் பிழைக்க முடியும் என்று கட்டாயப்படுத்தும் கருவியோடுதான் சண்டை.

இதற்கு அரசு கண்ட தீர்வு இன்னும் பெரிய படகு. 2017-இல் தொடங்கிய ஆழ்கடல் திட்டத்தில் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாகச் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகள் தருவதாக அறிவித்தார்கள். அப்போது படகின் விலை 80 லட்சம் ரூபாய். 70 சதவீதம் மானியம். இலக்கில் சிறு பங்கே நிறைவேறியது. வியப்பில்லை. அன்று போய் அன்றே திரும்பும் கடல்வேலை பழகியவரை, வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கு, மீதிப் பணத்துக்கு வங்கிக் கடன் வாங்கு என்றால் எத்தனை பேர் வருவார்கள்?

அறுபது ஆண்டுகளுக்கு முன் மானியம் கொடுத்து மடியை இறக்கியது அரசு. அதைத் திரும்ப வாங்கும் பொறுப்பும் அரசுடையதே. விற்க முன்வரும் உரிமையாளரின் படகை, அவர் தலைமேல் இருக்கும் கடனோடு சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும். பங்குக்குப் போகும் கடல் தொழிலாளிக்குச் சிறுபடகும் வழிவலையும் கிடைக்கட்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒரு தொகை ஒதுக்கச் சொல்லி, கடலோரத் தொகுதி உறுப்பினர்கள் முதலில் குரல் எழுப்ப வேண்டும்.