வக்கீல் தொழிலும் பாங்கிக் கணக்கும்

நமது சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் சட்டம் படித்துத் தேறி, அக்ரஹாரத்து நூற்றொரு கணபதி கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலே பெயர்ப்பலகை மாட்டுவது உண்டு. பலகைக்கும் கறுப்பு அங்கிக்கும் செலவாகும் யோசனையில் கால் பங்காவது, கட்சிக்காரர் கொணர்ந்து தரும் பணத்தை எங்கே வைப்பது என்பதற்குச் செலவாகின்றதா என்பது ஐயமே. சட்டம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆயினும் இரயில்வே ரொக்கப் புத்தகத்தோடு காலங்கழிக்கும் குமாஸ்தாவுக்குப் பிறர் பணத்தின் கனம் சிறிது தெரியும். அந்த உரிமையில் இதனை எழுதலானேன்.

வக்கீல்களுக்கும் பாங்கிகளுக்கும் நம்மிடையே உள்ள தொடர்பு பழமையானது. 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வெள்ளைக்காரர் ஸ்தாபனம், அசையாது என்று நம்பிச் சேமிப்பை அங்கே போட்டவர்கள் திகைத்து நின்றனர். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். பணம் போட்டவர்களுக்கு அதனால் வயிறு நிறைந்துவிடுமா? கடன் கொடுத்தோர் சார்பில் நின்ற மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் வழக்கோடு அமையாமல், இந்தியர் தாமே நடத்தும் பாங்கி ஒன்று வேண்டுமென முனைந்தார். 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் பாங்கி தன் வேலையைத் தொடங்கியது. நமது மைசூரிலும் விசுவேசுவரய்யர் திவானாக இருந்தபொழுது, 1913-ல் மைசூர் பாங்கி பிறந்தது. அது 1960-ல் ஸ்டேட் பாங்கியின் துணை ஸ்தாபனமாகி, 2017 ஏப்ரல் 1-ல் அதனுள்ளேயே கலந்துவிட்டது. ஆகவே கட்சிக்காரர் எவரேனும் பீரோவின் அடியிலிருந்து எடுத்த பழைய செக்குப் புத்தகத்தை விரித்தால், முதலில் பாங்கியின் பெயரைப் பார்த்துக்கொள்வது நலம். செக்கிற்குத் தேதியிலிருந்து மூன்று மாதமே ஆயுள் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வக்கீலிடம் வரும் பணம் இருவகைப்படும். ஒன்று அவருடைய கட்டணம். மற்றொன்று கோர்ட்டுக் கட்டணம், முத்திரைத்தாள், நகல் முதலியவற்றுக்காகவோ, சமரசத் தொகையாகவோ அவர் கையில் தங்கும் கட்சிக்காரரின் பணம். இந்திய பார் கவுன்ஸில் விதிகள் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. பெற்ற தொகை, செலவிட்ட தொகை, கட்டணமாக எடுத்துக்கொண்ட தொகை ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். வந்தது கட்டணமா, செலவுக்கானதா என்பதையும் குறிக்க வேண்டும். வழக்கு நடக்கும்பொழுது கட்சிக்காரர் எழுத்து மூலம் சம்மதித்தாலன்றிச் செலவுப் பணத்தைக் கட்டணமாக மாற்றிக்கொள்ளலாகாது. கேட்டால் கணக்கின் நகல் கொடுக்கவும் வேண்டும். கைவசமுள்ள கட்சிக்காரர் பணத்தைக் கடனாக்கிக் கொள்வதற்கும் தடை உண்டு.

இங்கிலாந்தில் ஸாலிஸிட்டர்கள் இப்பணத்தைத் தனி பாங்கிக் கணக்கிலேயே வைக்க வேண்டுமென்பது விதி. நம் விதிகள் கணக்கு எழுதச் சொல்லுகின்றன. எனினும் பாங்கியிலும் இரண்டு கணக்குகள் வைப்பதே விவேகமென்பது என் துணிபு. காரணம் கூறுகிறேன். வக்கீல் அதே பாங்கியில் வீட்டுக்கோ மோட்டாருக்கோ கடன் வாங்கித் தவணை தவறினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரிலுள்ள பணத்தை அக்கடனுக்கு ஈடுகட்டிக்கொள்ள பாங்கி முற்படும். அது எந்த ஏழை விவசாயியின் நிலப் பாத்தியத் தொகை என்று பாங்கிக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது கணக்கு கட்சிக்காரர் பணத்துக்கென்று திறக்கும்பொழுதே எழுத்தில் தெரிவித்து, ரசீது பெற்று வைத்தால், பின்னால் வாய் திறந்து பேச ஆதாரம் இருக்கும்.

எந்த பாங்கி? வட்டி அரை சதவீதம் கூடுதல் என்பதற்காகக் கட்சிக்காரர் பணத்தைக் கொண்டு ஓடுவது தகாது. பெங்களூரில் ஸ்ரீ குரு ராகவேந்திர ஸஹகார பாங்கியின் மீது 2020 ஜனவரியில் ரிஸர்வ் பாங்கி கட்டுப்பாடு விதித்தபொழுது, ஒருவர் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதிருந்தது. டிபாஸிட் இன்ஷுரன்ஸ் 1962-ல் தொடங்கியபோது வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். ஒரே பாங்கியில் ஒருவர் பெயரில் எத்தனை கிளைகளில் பணமிருந்தாலும் எல்லாம் சேர்த்தே அவ்வரம்பு கணக்காகும். நிலப் பேரத்துக்குப் பன்னிரண்டு லட்சம் வந்து சேர்ந்தால் அதை நெடுநாள் உறங்கவிடாமல் உரியவருக்கு அனுப்புவதே பாதுகாப்பு.

கட்டணம் சேரும் கணக்கு நடப்புக் கணக்காக இருக்கலாம். அதற்கு வட்டி இல்லை. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, குறைந்தால் அபராதம் எவ்வளவு என்று முன்னரே கேட்க வேண்டும். புதிதாகப் பலகை மாட்டியவருக்குப் பெரிய இருப்பு கேட்கும் தனியார் பாங்கியின் பளபளப்பு எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. கைபேசி வழியே யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வழக்கின் பெயரையும் 'கட்டணம்' அல்லது 'செலவு' என்பதையும் அனுப்புவோர் குறிப்பிடச் சொல்ல வேண்டும். ரொக்கமாக ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். வாங்கிய தொகை முழுதும் அபராதமாகிவிடக்கூடும்.

கம்பெனிக் கட்சிக்காரர்கள், ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், நூற்றுக்குப் பத்து வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பர். பில்லில் செலவையும் கட்டணத்தையும் கலந்து எழுதினால் முத்திரைத்தாள் பணத்தின் மீதும் வரி பிடிபடலாம். ஆகவே இரண்டு பில் போடுவது நல்லது. கணக்கெழுதக் கம்ப்யூட்டர் மென்பொருள் பலவுண்டு. வழக்குக்கு ஒரு பக்கமாகப் பிரித்த தடித்த நோட்டும் போதும், அன்றன்றே எழுதுவதானால்.

மற்றொன்று, பலரும் பேசக் கூசுவது. வக்கீல் திடீரெனக் காலமானால், கட்சிக்காரர் பணமும் அவர் நியமித்தவர் கைக்குத்தான் போகும். யாருக்கு எவ்வளவு என்று அந்த அம்மாளுக்கோ பிள்ளைக்கோ தெரிய வழியில்லை. அந்தத் தடித்த நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறதென்று ஜூனியரிடமும் வீட்டிலும் இன்றே சொல்லி வைக்க வேண்டும்.