கொடியை அறுக்கும் முன்பே மூச்சுக்கு வழி

பிள்ளை பிறந்ததும் வீறிட்டு அழுதால்தான் வெளியே காத்திருப்பவர்களுக்கு உயிர் வரும். ஆனால், அழ முடியாதபடி மூச்சுப்பாதை அடைபட்டே சில குழந்தைகள் கருவில் வளர்கின்றன. கழுத்தில் உள்ள பெரிய கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கும். மிக அரிதாக, குரல்வளையே திறக்காமல் மூடியிருக்கும்.

வயிற்றுக்குள் இருக்கும்வரை அதற்கு மூச்சுத் திணறல் இல்லை. பிராணவாயு தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே வந்துவிடும். கொடியை அறுத்தபின் சில நிமிடங்கள்தான் அவகாசம்.

அந்த அவகாசத்தை நீட்டுவதே 1990களில் அமெரிக்காவில் உருவான ‘எக்சிட்’ முறை. வயிற்றைக் கீறிக் குழந்தையின் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுப்பார்கள். கொடியை அறுப்பதில்லை. வாய்வழியே குழாய் செலுத்த முயல்வார்கள். முடியாவிட்டால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். மூச்சுக்கு வழி உறுதியான பிறகே கொடியை அறுப்பார்கள். தேவைப்பட்டால் அரை மணி நேரம், ஒரு மணி நேரம்கூடத் தாங்கலாம்.

“சிசேரியன்தானே?” என்று கேட்காதீர்கள். சிசேரியனில் குழந்தையை எடுத்ததும் கருப்பை சுருங்கி ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த வேண்டும். இதிலோ ஆழ்ந்த மயக்க மருந்து கொடுத்து, சுருங்காமல் தளர்த்தி வைக்கிறார்கள். அதனால் தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமாகலாம். பிள்ளையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், தாயைப் பற்றியும் கேட்க வேண்டும். மாமியார்மார்களும் கேளுங்கள்!

முன்கூட்டியே தெரிந்தால்தான் இத்தனை ஏற்பாடும். சிங்கப்பூரில் 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யும் ஸ்கேனில் பெரும்பாலும் தடயம் கிடைக்கும். குழந்தையால் விழுங்க முடியாததால் பனிக்குடநீர் அளவுக்கு மீறிப் பெருகுவதும் ஓர் அறிகுறி. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று ஊருக்கு டிக்கெட் எடுத்து வைப்பது நம் வழக்கம். ஸ்கேனில் இப்படித் தெரிந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். மகப்பேற்று மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், காது மூக்கு தொண்டை மருத்துவர், குழந்தை மருத்துவர் எல்லாரும் ஒரே அறையில் தயாராக நிற்க வேண்டிய பிரசவம் இது. தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது நாம் கடந்துபோகும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையைப் போலத் தாய்க்கும் சேய்க்கும் ஒரே இடத்தில் சிகிச்சை தரும் மருத்துவமனையாக இருப்பது நல்லது.

பனிக்குடநீர் பெருகினால் நாள் குறிக்கும் முன்பே வலி வரலாம். நடுநிசியில் வலி வந்தால் யாரை அழைப்பது, எங்கே போவது என்பதை இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.