வெட்டவெளியின் மான்

ராமேசுவரம் தீவிலிருந்து ஒரு வாசகி இந்தப் பத்திக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவின் சிறு மான்களை வேட்டையாடக் கற்றுத்தரும் படங்களை அவருடைய தம்பி விடாமல் பார்க்கிறானாம். நாலைந்து கிலோ எடைகூட இல்லாத ஒரு பிராணியைச் சுட ஆள்கள் மணிக்கணக்கில் புதருக்குள் பதுங்கிக் கிடக்கிறார்கள், இதில் அப்படி என்ன வித்தை இருக்கிறது என்று கேட்டிருந்தார். கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வி: "நம்ம கரைப் பக்கம் அந்த மாதிரி மான் இருக்கா?"

வித்தை இருக்கிறது. அது துப்பாக்கியில் இல்லை, மானின் பழக்கத்தைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் முள்காட்டில் வாழும் டிக்டிக் ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து ஒரு சின்ன வட்டாரத்தை விட்டு நகராமல் காலம் கழிக்கும். தன் எல்லையில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். கண்ணோரத்துச் சுரப்பியைக் குச்சி முனையில் தேய்த்து, கறுப்பாகப் பிசினை ஒட்டிவிட்டுப் போகும். அந்தப் புழுக்கைக் குவியலைக் கண்டுபிடித்தவன் அலைய வேண்டியதில்லை. மான் அங்கே வந்தே தீரும்.

காட்டுக்குள் வாழும் டைக்கர் என்ற சிறு மானுக்கு வேறு வழி. ஆள் அரவம் கேட்டால் தலையைத் தாழ்த்திப் புதருக்குள் பாய்ந்து மறைந்துவிடும். அதைத் துரத்திப் பயனில்லை என்று கண்ட மத்திய ஆப்பிரிக்க வேடர்கள், மூக்கால் ஒரு கனைப்பொலி எழுப்பி அதைத் தங்களிடம் வரவழைக்கிறார்கள். ஆபத்தில் மாட்டிய மானின் கதறல் போலவே இருக்கும் அந்த ஒலி. கொங்கோவின் இதூரிக் காட்டில் முபூத்தி மக்கள் கொடிநாரில் பின்னிய வலைகளை ஒன்றோடொன்று சேர்த்து அரைவட்டமாகக் கட்டுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் எதிர்ப்பக்கம் இருந்து சத்தம் போட்டபடி மான்களை வலையை நோக்கி விரட்டி வருவார்கள். தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வலையை வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு அணியாக நின்று கயிற்றைப் பிடித்து மடியை மெல்லக் கரைக்குக் கொண்டுவருகிறார்களே, அதே கணக்குதான். கடலில் வலை நகர்கிறது, காட்டில் இரை நகர்கிறது.

ஜார்மன் என்ற உயிரியலாளர் 1974இல் ஆப்பிரிக்க மான்களை வரிசைப்படுத்தி ஒரு தெளிவான கருத்தைச் சொன்னார். உடம்பு சிறுத்த மான், தளிரும் மொட்டும் பழமுமாகப் பொறுக்கித் தின்னும். அப்படிப்பட்ட உணவு காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும், கூட்டத்துக்குக் காணாது. அதனால் அது தனியாகவோ ஜோடியாகவோ வாழும். ஆபத்து வந்தால் ஒளியும். உடம்பு பெருக்கப் பெருக்க, புல் போன்ற தாராளமான தீனிக்கு மாறும்; வெளியில் மேயும்; கூட்டம் சேரும்; ஆபத்து வந்தால் ஓடும். ஒளிகிற மானை ஒருவிதமாகவும் ஓடுகிற மானை வேறுவிதமாகவும் பிடிக்க வேண்டும் என்று வேடனுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

இந்தியாவில் ஒளிகிற கட்சிக்கு உதாரணம் நாற்கொம்பு மான். முதுமலைப் பக்கம் இருக்கிறது, கண்ணில் படுவது அரிது. ஓடுகிற கட்சியின் தலைவன் வெளிமான். வாசகியின் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் அதுதான். புல்வாய் என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடி முனையில் அது இல்லை. ஆனால் பாக் நீரிணையின் வடக்கு ஓரத்தில், இதே போல் மணலும் உவர்நிலமுமாகக் கடலுக்குள் நீண்டிருக்கிற கோடியக்கரையில் இருக்கிறது. அங்கே 1967இல் சரணாலயம் அமைந்தது. தெற்கே திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வல்லநாட்டுக் குன்றில் இருக்கிறது. 1987இல் அங்கும் சரணாலயம் வந்தது. இந்த இனம் இயற்கையாக வாழும் தெற்குக் கோடி அதுதான்.

புள்ளிமானின் கொம்பு கிளைக்கும், ஆண்டுதோறும் உதிரும். வெளிமானின் கொம்பு கிளைக்காது, ஆயுளுக்கும் உதிராது. அடியிலிருந்து நுனி வரை வளையம் வளையமாகப் புடைத்து, திருகு போல மூன்று நான்கு முறுக்கு முறுக்கி, இரண்டும் விலகி நிற்கும். கொம்பு கிடாவுக்குத்தான், பெண்மானுக்கு அநேகமாக இருக்காது. குட்டியாக இருக்கும்போது கிடாவும் தாயைப் போலவே செம்மண் நிறம். வயது ஏற ஏற முதுகும் கழுத்தும் இருண்டு கறுப்பாகும். வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் மட்டும் வெள்ளையாகவே இருக்கும்.

இந்த மானிடம் எல்லாவற்றையும்விட வியக்க வைப்பது கிடாவின் எல்லைச் சண்டை. இனப்பெருக்க காலத்தில் வலுத்த கிடா புல்வெளியில் ஒரு துண்டைத் தனதென்று பிடித்துக்கொள்ளும். அதில் இடம் குறித்து வைத்துப் புழுக்கை போடும். கண்ணுக்கு முன்னால் ஒரு கீறல் போல இருக்கும் சுரப்பி, கோபம் வந்தால் கருங்குழியாகத் திறந்துகொள்ளும். அதைப் புல்நுனியில் ஒற்றி வாசனை விட்டு வைக்கும். இன்னொரு கிடா எல்லைக்குள் கால் வைத்துவிட்டால் உடனே பாய்ந்துவிடாது. மூக்கை வானத்துக்கு உயர்த்தி, கொம்பு முதுகைத் தொடுகிற மாதிரி தலையைச் சாய்த்து, காதைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து நடக்கும். எதிரியும் அப்படியே நடக்கும். இரண்டும் இணையாகச் சற்று தூரம் போகும். எவனும் விலகவில்லை என்றால்தான் தலை தாழும், கொம்போடு கொம்பு கோத்துக்கொள்ளும்.

இந்த ஒரு பழக்கத்தை வைத்தே ஒரு வேட்டை முறை பிறந்தது. வளர்த்துப் பழக்கிய ஒரு கிடாவின் கொம்பில் வலையைக் கட்டி, காட்டுக் கூட்டம் மேய்கிற இடத்துக்குக் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவார்கள். எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று காட்டுக்கிடா சண்டைக்கு வரும். கொம்பு கோக்கும்போது அதன் கொம்போ காதோ காலோ வலையில் சிக்கிக்கொள்ளும். மறைந்திருந்த ஆள்கள் ஓடிவந்து பிடிப்பார்கள். அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் தம் அயினி அக்பரியில் இதை விவரித்திருக்கிறார். வலை அறுந்தாலும், பழக்கிய மான் களைத்துப்போனாலும், அது தன் காவலனிடமே திரும்பி வந்துவிடுமாம்.

அக்பரின் மகன் ஜகாங்கீருக்கு அப்படி ஒரு மான் இருந்தது. பெயர் மன்ஸ்ராஜ். பழகிய மான்களோடு மோதுவதிலும் காட்டுமான்களைப் பிடித்துக் கொடுப்பதிலும் அதற்கு இணை இல்லை என்று பேரரசரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அது இறந்தபோது கல்லறை கட்டி, மேலே மான் உருவில் கல் வைத்து, அந்தச் சமவெளியில் இனி யாரும் மானை வேட்டையாடக் கூடாது என்று ஆணையிட்டார். லாகூருக்கு அருகே ஷேக்புராவில் நிற்கும் ஹிரண் மினார் அந்த நினைவில் எழுந்தது. தன் இனத்தைப் பிடித்துக் கொடுத்த ஒரு மானின் பேரில்தான் அந்த இனத்துக்கு ஓர் இடத்தில் பாதுகாப்பு கிடைத்தது.

இன்னொரு முறை சிவிங்கிப் புலி. கண்ணை மூடிய சிவிங்கியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கூட்டத்தை நெருங்குவார்கள். நடந்து வரும் மனிதனைத் தொலைவில் கண்டாலே கலைந்துவிடும் வெளிமான், வண்டியைக் கண்டு அஞ்சாது. தினமும் வயலோரத்தில் பார்த்துப் பழகிய வண்டிதானே. கிட்டத்தில் போனதும் மூடியைக் கழற்றுவார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய மானை, தொடக்கத்து ஓட்டத்திலேயே எட்டிப்பிடிக்க சிவிங்கியால்தான் முடிந்தது. இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகளைச் சுட்டது 1947இல். அந்த இனம் இங்கே அற்றுப்போனதாக 1952இல் அறிவித்தார்கள். மானின் வேகத்துக்குக் காரணமான எதிரி அப்போது இல்லாமல் போனது. வேகம் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது.

துப்பாக்கியும் ஜீப்பும் வந்த பிறகு வித்தைக்கு வேலை இல்லாமல் போனது. மான்கள் சரசரவென்று குறைந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் சேர்த்தது. கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. வெளிமான் வேட்டைக்காக நடந்த ஜோத்பூர் வழக்கு வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பிஷ்னோய் மக்கள் அதை விடாமல் நடத்திய உறுதியும் தெரிந்ததுதான். அதிகம் தெரியாத செய்தி, 1932இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குக் கொண்டுபோன வெளிமான்கள் அங்கே பெருகியதுதான். பண்ணைகளில் பணம் கட்டிச் சுடுகிறார்கள். சொந்த மண்ணில் இந்த மானை இழந்துவிட்ட பாகிஸ்தான், 1970ஐ ஒட்டி டெக்சாஸிலிருந்துதான் திரும்ப வாங்கிக்கொண்டது.

சட்டம் துப்பாக்கியை நிறுத்தியது. ஆனால் இந்த மானுக்கு வேண்டியது துப்பாக்கி இல்லாத இடம் மட்டும் அல்ல. கண்ணுக்கு எட்டிய வரை மறைப்பு இல்லாத இடம் வேண்டும். மோப்பத்தையும் காதையும்விட அது கண்ணையே நம்பி வாழ்கிறது. நரி வருவதைத் தொலைவிலேயே பார்க்க வேண்டும், பார்த்தால் ஓட நிலம் வேண்டும். கூட்டத்தில் ஒன்று துள்ளினால் மற்றவை பார்த்து வரிசையாகத் துள்ளும்; அதற்கும் வெளி வேண்டும். பழைய வேடன் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஏன் ஒளிந்தான் என்பதை யோசித்தால் இது விளங்கும்.

அந்த வெளியைத்தான் நாம் மதிப்பதே இல்லை. அரசுப் பதிவேட்டில் அது தரிசு. நல்ல மனம் உள்ளவர்கள்கூட அங்கே மரம் நடத்தான் நினைக்கிறார்கள். கிண்டியில் நடந்ததைப் பாருங்கள். 1924இல் வில்லிங்டன் பிரபு கொண்டுவந்து விட்ட வெளிமான்கள் அங்கே நன்றாகப் பெருகின. பிறகு மரமும் புதரும் மூட மூடப் புல்வெளி சுருங்கியது, மானும் சுருங்கியது. அடர்ந்த நிழலில் புள்ளிமான் செழிக்கும், வெளிமான் தேயும்.

ராமநாதபுரம் மாவட்டத்தாருக்கு மூடும் மரம் எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. விறகுக்கென்று வந்த சீமைக் கருவேலம் கண்மாயையும் புறம்போக்கையும் எப்படி விழுங்கியது என்பதை முதுகுளத்தூரிலும் கமுதியிலும் ஒவ்வொரு வீடும் அறியும். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களுக்கு அதுவே சோறு போடுகிறது என்பதையும் மறுக்க முடியாது. கோடியக்கரையில் அந்த மரம் செய்கிற வேலை இன்னும் நுட்பமானது. கோடையில் புல் காய்ந்ததும் மான்கள் அதன் நெற்றைத் தின்கின்றன. விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து, கிடா எல்லை குறித்த அதே புல்வெளியில் முளைக்கிறது. தன் வெளியை மூடும் முள்ளைத் தானே விதைத்துக்கொண்டு போகிறது அந்த மான். அதைத் தடுக்க அதனால் முடியாது. மனிதர்கள் இறங்கி ஆண்டு தவறாமல் வேரோடு பிடுங்கினால்தான் உண்டு. அயல் செடிகளை அகற்ற 2022இல் தமிழக அரசு ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. அது ஒரு முறை வெட்டிவிட்டு மறந்துவிடும் வேலையாகிவிடக் கூடாது.

வெறும் உவர்வெளிக்கும் மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட நல்ல செய்தி ஒன்று இந்தக் கரையிலிருந்தே வந்தது. 2025இல் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காகச் சரணாலயம் அறிவித்தார்கள். சேற்றையும் ஆழமில்லாத நீரையும் காப்பாற்றத் தகுந்தது என்று ஓர் அரசாணை சொன்னதே பெரிய மாற்றம்.

கடலோரத்து மானுக்குக் காற்றும் ஓர் ஆபத்து. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்பது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது கோடியக்கரையின் தாழ்ந்த நிலத்தில் கடல் புகுந்தது. மான்களின் உடல்கள் வடக்கே காரைக்கால் கரையில் ஒதுங்கின. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊரும் உப்பளமும். ஓடவே பிறந்த பிராணிக்கு அன்றைக்கு ஓட இடம் இருக்கவில்லை.

வாசகியின் தம்பிக்கு மான் தேடும் ஆசை இருந்தால், பழைய வேடர்களின் அறிவு அப்படியே பயன்படும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, முத்துப்பேட்டை வழியாகக் கோடியக்கரைக்குப் போகலாம். வனத்துறை அனுமதியோடு விடியலிலோ சாயங்காலமோ உள்ளே போக வேண்டும். உச்சி வெயிலில் மான்கள் நிழலில் படுத்துவிடும். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இறங்கி நிற்கிற மனித உருவம்தான் அவற்றைக் கலைக்கும், வண்டியை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கூட்டத்தைத் தேடி அலைவதைவிட, புழுக்கைக் குவியல் தெரிகிற இடத்துக்குத் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது மேல். எல்லை காக்கும் கிடா அங்கே தலையைச் சாய்த்துக்கொண்டு வந்து நிற்கும்.

புல்லுக்குள் தனியாகச் சுருண்டு கிடக்கும் குட்டி கண்ணில் பட்டால் அதை அநாதை என்று நினைத்துத் தூக்கிவிட வேண்டாம். பிறந்த முதல் சில நாள்கள் தாய் அதை அப்படித்தான் மறைத்து வைத்துவிட்டு மேயப் போகும், பால் கொடுக்க மட்டும் வந்து போகும். ஆள் பக்கத்தில் நின்றால் தாய் வராது, ஆளைப் பார்த்து நாய் வரும். சத்தம் போடாமல் விலகி வந்து, வழியில் இருக்கும் வனக்காவலரிடம் இடத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் போதும்.