கடை பெயரும் காலம்

சித்தூரிலும் திருப்பதியிலும் கடை நடத்தி வாழும் நம் குடும்பத்தார்க்கு, வாடகை உயர்வாலோ சாலை விரிவாலோ இடம் மாற நேரும் நாள் வரலாம். அன்று பெயர்க்க வேண்டியது சரக்கு மட்டுமன்று, வாடிக்கையும் ஆகும்.

சித்தூர்ப் பகுதித் தக்காளி சென்று சேரும் சென்னைச் சந்தையையே நோக்குக. 1996-ஆம் ஆண்டில் மொத்த வணிகம் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டிற்குப் பெயர்ந்தது. வணிகர் ஒருங்கே சென்றமையால் வாங்குவோரும் பின்தொடர்ந்தனர். 2020 மே மாதத்தில், பெருந்தொற்றின்போது, காய்கறி வணிகம் திருமழிசைக்குச் சென்று செப்டம்பரில் கோயம்பேட்டிற்கே மீண்டது. தனிக்கடைக்கோ இத்தகைய கூட்டுத்துணை இல்லை. பத்து நாள் பூட்டிக் கிடந்தால், பதினோராம் நாள் வாடிக்கையாளர் அடுத்த கடையில் கணக்குத் தொடங்கியிருப்பார்.

ஆகவே, முதலில் நாளைத் தேர்க. சித்தூரில் மாம்பழப் பருவமும், திருப்பதியில் பிரம்மோற்சவ நாட்களும் இதற்கு ஏற்றவையல்ல. ஒரு மாதம் முன்பே தெலுங்கிலும் தமிழிலும் புதிய முகவரியை எழுதித் தொங்கவிடுக. மெல்ல விற்கும் சரக்கை முன்னரே அனுப்பி, அன்றாடம் விற்பதைக் கடைசி இரவில் ஏற்றுக. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்காயின், சொந்தச் சரக்கே ஆயினும், இ-வே பில் தேவைப்படும். ஜி.எஸ்.டி. பதிவில் முகவரித் திருத்தத்திற்கு 15 நாட்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும்.

மூட்டைகள் வண்டியில் போகட்டும். கடன் பேரேட்டையும் தராசையும் மட்டும் கையோடு கொண்டு செல்க. மறுநாள் காலை அவ்விரண்டும் இருந்தால் கடை திறந்ததாகவே பொருள்.