சாக்கடல் சுருளும் செங்காளானும்

காட்டிலே முளைக்கும் காளானுக்கும், ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த யூத ஏடுகளுக்கும் என்ன உறவு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று கேட்கத் தோன்றும். அந்த முடிச்சைப் போட்டவர் கற்றறியாதவர் அல்லர். ஜான் அலெக்ரோ என்னும் ஆங்கில நாட்டு மொழியறிஞர்!

1947 வாக்கில், சாக்கடலோரம் கும்ரான் குகையொன்றில் ஆடு மேய்ப்போர் தோற்சுருள்களைக் கண்டெடுத்தனர். அடுத்த பத்தாண்டுக்குள் 11 குகைகளில் ஏடுகள் கிடைத்தன. குவியல் குவியலாகக் கிடைத்த துணுக்குகளைப் படித்துப் பதிப்பிக்கும் பொறுப்பு, விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம் போயிற்று. அவர்களிலே பலர் கத்தோலிக்கப் பாதிரிமார். 1953-இல் அக்குழுவில் சேர்ந்த அலெக்ரோவோ மதப் பற்றற்றவர். உலகத்தின் சொத்தை ஒரு சிலர் பூட்டி வைக்கலாமா என்று அவர் குரல் எழுப்பினார். தம் பங்குக்கு வந்தவற்றை 1968-இல் அச்சேற்றியும் காட்டினார். மற்றவர் பங்கிலே பெரும்பகுதி தூங்கிற்று. 1991-இல் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம் சுருள்களின் படங்களைத் திறந்துவிட்ட பிறகே ஆய்வாளர் அனைவருக்கும் வழி பிறந்தது.

அதே அலெக்ரோ 1970-இல் 'புனிதக் காளானும் சிலுவையும்' என்ற நூலை வெளியிட்டார். வெண்புள்ளியிட்ட செங்காளானைத் தின்று மயங்கிய வழிபாட்டுக் கூட்டமே தொடக்கக் கிறித்தவம். ஏசு என்றொரு மனிதர் வாழவே இல்லை. அப்பெயர் காளானைக் குறிக்கும் மறைசொல் என்றார்.

சான்று எங்கே? சுருள்களிலே இல்லை. விவிலியச் சொற்களுக்கெல்லாம் சுமேரிய வேர் கண்டு, அவ்வேரிலே காளானைக் கண்டார். அவர் காட்டிய சுமேரியச் சொற்கள் பல, எந்தக் களிமண் பலகையிலும் இல்லாதவை. அவரே கூட்டிச் சேர்த்தவை. சுமேரியமும் எபிரேயமும் ஒரே குடும்ப மொழிகளும் அல்ல. ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? அவருடைய ஆசிரியர் காட்ஃபிரி டிரைவர் உள்ளிட்ட அறிஞர் பலர் லண்டன் 'டைம்ஸ்' ஏட்டிலே மறுத்தெழுதினர். காளான் கதையைக் கேட்டு ஊர் சிரித்தது. பூட்டைத் திற என்ற அவரது நியாயமான குரலும் அந்தச் சிரிப்பிலே அமுங்கிற்று.

தோழர்களே! மதபீடத்தைச் சாடும் நூல் என்பதற்காக நாம் கைதட்டலாமா? கூடாது. இனிக்கிறது என்பதற்காகப் பொய் மெய்யாகாது. ஓட்டையான வாதம் எதிரியைச் சாய்ப்பதில்லை. நம் பக்கத்து நியாயத்தையே சாய்க்கும்.

பூட்டி வைப்போரிடம் 'ஏட்டைக் காட்டு' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நம்மிடம் 'சான்றைக் காட்டு' என்று கேட்கப் பிறர்க்கும் அதே உரிமை உண்டு!