அந்த இரண்டு மணி நேரம்

'படிப்பா, விளையாட்டா?' என்னும் கேள்வி, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆனி மாதத்தில் மெல்லத் தொடங்கி, தேர்வு நெருங்கும் மாசி மாதத்தில் பெரும் பூசலாய் முற்றுகின்றது. பெற்றோருள் சிலர், மதிப்பெண் ஒன்றே சோறு போடும் எனக் கூறி, பந்தையும் சிலம்பக் கம்பையும் பரண்மேல் ஏற்றி விடுகின்றனர். வேறு சிலரோ, அடுத்த வீட்டுப் பிள்ளை கற்பதையெல்லாம் தம் பிள்ளையும் கற்க வேண்டுமென்று, பாட்டு, நடனம், கராத்தே, சதுரங்கம் என வகுப்பின்மேல் வகுப்பாய்ச் சேர்த்து விடுகின்றனர். இரு சாராரும் பிள்ளையின் நலத்தையே நாடுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரு சாராருமே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கத் தவறி விடுகின்றனர். அதனை நாம் இங்கே போட்டுப் பார்ப்போம்.

பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 24 மணி. 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவ வல்லுநர் கருத்து. உறக்கத்திற்கு 9 மணி எனக் கொண்டால், மீதி 15. பள்ளிக்கும் போய்வரும் வழிக்கும் 8 மணி, மீதி 7. குளித்தல், உண்ணல், செபம், வீட்டு வேலையில் கைகொடுத்தல் ஆகியவற்றிற்கு இரண்டரை மணி, மீதி நாலரை. வீட்டுப் பாடத்திற்கும் அன்றன்றைய பாடத்தைத் திரும்பப் படிப்பதற்கும் இரண்டரை மணி. ஆக, எஞ்சுவது 2 மணி நேரமே!

நம் வீட்டுப் பூசலெல்லாம் இந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியதே. இதற்குள் தனிப்பயிற்சி வகுப்பும் நடன வகுப்பும் அவற்றிற்குப் போய்வரும் பொழுதும் அடங்கா. அடங்காதபோது, எதிலிருந்து எடுக்கின்றோம்? பள்ளி நேரத்தைக் குறைக்க இயலாது. வீட்டுப் பாடத்தைத் தள்ளவும் இயலாது. எனவே, பிள்ளையின் உறக்கத்திலிருந்தே எடுக்கின்றோம். இரவு பதினொரு மணிக்குப் படுத்து, விடியல் நாலரைக்கு எழுப்பப்படும் பிள்ளை வகுப்பில் கண்ணயர்கின்றது. கற்றதை மனத்தில் பதியவைக்க உறக்கம் இன்றியமையாதது ஆதலின், படித்ததும் நிற்பதில்லை. உடனே, 'கவனம் போதவில்லை' என்று கடிந்து, இன்னொரு தனிப்பயிற்சியில் சேர்க்கின்றோம். கடனை அடைக்க மேலும் கடன் வாங்குவது போன்றது இது.

அப்படியாயின் அந்த இரண்டு மணியை எவ்வாறு செலவிடுவது? 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டுமென 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. ஆகவே, ஒரு மணி நேரம் ஓடியாடுவதற்கு உரியது. மற்றொரு மணியில், பிள்ளை தானே விரும்பித் தெரிந்துகொண்ட ஒரே ஒரு கலைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் போதும். மற்ற நாள்களில் அந்நேரம் பிள்ளைக்கே சொந்தம். கதை படிக்கட்டும், பாட்டியோடு பேசட்டும், சும்மாவும் இருக்கட்டும். இன்றோ, நாம் காவாது விட்டால், அந்நேரம் முழுவதையும் கைப்பேசியே விழுங்கி விடுகின்றது.

'ஒன்று போதுமா?' எனச் சிலர் கேட்கலாம். 2024-இல் உலகச் சதுரங்க வாகையர் ஆன சென்னைச் சிறுவர் குகேஷ், ஏழாம் வயதில் ஆட்டத்தைக் கற்கத் தொடங்கியது வாரத்திற்கு மூன்று நாள், நாளொன்றுக்கு ஒரு மணி என்ற அளவிலேதான். நான்காம் வகுப்பிற்குப் பின் அவர் முழுநேரப் பள்ளியை விட்டார் என்பது உண்மையே. ஆனால் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விசுவநாதன் ஆனந்த், பள்ளிப் படிப்பை முடித்து, இலயோலாக் கல்லூரியில் வணிகவியல் பட்டமும் பெற்றவர். ஒருவர் சென்ற வழி எல்லார்க்கும் விதியன்று. ஆர்வம் பிள்ளையுடையதாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

தெரிந்தெடுத்ததைப் பிள்ளை பாதியில் விட விரும்பினால்? ஒரு பருவம் முடியும்வரை தொடரச் சொல்லுங்கள்; அதன்பின் விட்டுவிட உரிமை கொடுங்கள். பொறுமையும் வளரும், வெறுப்பும் விளையாது.

பொதுத்தேர்வு ஆண்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதே பலருக்கு வழக்கம். குறைத்துக் கொள்ளலாம், அறவே நிறுத்துதல் தகாது. அச்சம் மிகுந்த அவ்வாண்டில்தான் அரைமணி நேரப் பந்தாட்டம் பிள்ளைக்கு மருந்தாகின்றது. இன்னும் ஒன்று: பூப்பெய்தியதும் பெண்பிள்ளையை மைதானத்திலிருந்து அழைத்துக் கொள்ளும் பெற்றோர், அண்ணன் மட்டும் ஆடப் போவதை அவள் திண்ணையிலிருந்து பார்க்கின்றாள் என்பதை எண்ணிப் பார்ப்பாராக. அவளது நாளிலும் அதே 24 மணிதான். அவளது உடலுக்கும் அதே தேவைதான்.

புனித தொன் போஸ்கோ கியேரி நகரில் மாணவராய் இருந்தபோது, 1832-இல் தோழரைச் சேர்த்து 'மகிழ்ச்சிக் கழகம்' அமைத்தார். பள்ளிக் கடமையையும் சமயக் கடமையையும் வழுவாது செய்தலோடு மகிழ்ந்திருத்தலும் அதன் நெறியாய் இருந்தது. கடமையையும் களிப்பையும் அவர் பகையாக்கவில்லை. பங்கு மக்களாகிய நாமும் இதனைக் கருத வேண்டும். விழா நாடக ஒத்திகையையும் பாடற்குழுப் பயிற்சியையும் தேர்வு வாரத்தில் இரவு பத்து மணிவரை நீட்டினால், நாமும் அதே உறக்கத்தைத்தான் பறிக்கின்றோம்.

அன்புள்ள பெற்றோரே! இன்றிரவு உணவு முடிந்தபின், பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு தாளில் அதன் 24 மணிகளைச் சேர்ந்தே எழுதிப் பாருங்கள். எஞ்சும் நேரத்தைக் காட்டி, 'இதில் உனக்கு எது வேண்டும்?' என்று கேளுங்கள். விடை வரச் சற்று நேரமாகலாம், பொறுத்திருங்கள். நாமே நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால் பிள்ளை கீழ்ப்படியக் கற்கும். தானே பங்கிடப் பழகினால் வாழக் கற்கும்.