ஓவன் வேண்டாம்... ஒரு ஞாயிறு போதும்! வாரம் முழுக்க வீட்டு ஸ்நாக்ஸ் பார் ரெடி

ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் புத்தகப் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, 'அம்மா, திங்க என்ன இருக்கு?'

திருமங்கலம் மாதிரியான ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அம்மா பல நேரம் வீட்டில் இருப்பதில்லை. சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கும் மதுரைக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ வேலைக்குப் போனவரும், கப்பலூர் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போனவரும் வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. அதனால் பதில் சொல்வது பிஸ்கட் பாக்கெட்டாகவோ, தெருமுனைக் கடையில் தொங்கும் சிப்ஸ் சரமாகவோ ஆகிவிடுகிறது. கொஞ்சம் அக்கறையோடு வாங்குபவர்கள் 'எனர்ஜி பார்', 'கிரானோலா பார்' என்று தேடுகிறார்கள். அதன் விலையைப் பார்த்தால் தினமும் வாங்க முடிவதில்லை.

ஆனால், அந்த பாரின் சூட்சுமம் நமக்குப் புதிதல்ல. திருமங்கலத்தில் நான்கு வழிச்சாலை ஏறி கள்ளிக்குடி, விருதுநகர், சாத்தூர் தாண்டிப் போனால், சுமார் 80 கி.மீ. தூரத்தில் அதன் தலைநகரமே இருக்கிறது. கோவில்பட்டி!

மிட்டாய்னு சொன்னா மிட்டாய்... பார்னு சொன்னா பார்!

வறுத்த கடலை, அதை ஒட்டவைக்க ஒரு பாகு, சதுரமாக வெட்ட ஒரு தட்டு. ஓவனில் வைக்காமல் செய்யும் ஸ்நாக்ஸ் பார் என்பது இவ்வளவுதான். நம் ஊர் கடலை மிட்டாய்க்கும் இதே இலக்கணம்தான். கோவில்பட்டியில் 1940-களில் பொன்னம்பல நாடார் என்பவரின் கடையில் இது தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. அதற்கு முன்பு கருப்பட்டிப் பாகில் செய்துவந்ததை, வெல்லத்துக்கு மாற்றியவர் அவர் என்பார்கள். கரிசல் காட்டுக் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று பெயர் வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது.

கார்த்திகைக்குப் பிடிக்கும் பொரி உருண்டை, எள்ளுருண்டை, பல் தெறிக்கும் பொருவிளங்காய் உருண்டை... எல்லாமே இந்தக் குடும்பம்தான். மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் இது சிக்கி. கிரேக்க நாட்டில் எள்ளையும் தேனையும் சேர்த்துச் செய்யும் பாஸ்தெலி. அமெரிக்கக் கடைகளில் 1970-களில் கிரானோலா பார் வந்து உட்கார்ந்தபோது, நம் பெட்டிக்கடை கண்ணாடி பாட்டிலில் கடலை மிட்டாய் ஏற்கெனவே பல வருட சீனியர்!

அட்டையின் பின்பக்கம் படியுங்கள்

'அப்போ கடையிலயே வாங்கிடலாமே?' என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால், வாங்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும். 'நட்ஸ் பார்' என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும், பின்பக்கம் முதல் இரண்டு பெயர்களில் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால் அது இனிப்பு பார்தான். இன்வர்ட் சிரப், கார்ன் சிரப் என்பவையும் சர்க்கரைக்கு வேறு பெயர்களே. ஊட்டச்சத்து அட்டவணையில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எத்தனை கிராம் என்பதும் தனியாக இருக்கும். பார்க்க வேண்டிய எண் அதுதான்.

முன்பக்க வார்த்தைகளை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குச் சமீபத்திய உதாரணமும் உண்டு. 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்பதால், அந்தப் பிரிவிலிருந்து பானங்களை நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

வீட்டில் செய்வதன் பெரிய லாபமும் இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு இனிப்பு என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

எல்லாம் பாகில்தான் இருக்கு!

'செஞ்சு பார்த்தேன், பல்லுல ஒட்டுது', 'கல்லு மாதிரி ஆயிடுச்சு', 'கசக்குது'... வீட்டுக் கடலை மிட்டாய் பற்றிய எல்லாப் புகாருக்கும் காரணம் ஒன்றுதான். பாகுப் பதம்.

வெல்லக் கரைசல் கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் குறையக் குறைய பாகின் சூடு ஏறுகிறது. சுமார் 115 டிகிரி செல்சியஸில் அது மெத்தென்று உருட்ட வரும். 145 டிகிரியைத் தாண்டினால், ஆறியதும் கண்ணாடி போல உடையும். இன்னும் விட்டால் கருகிக் கசக்கும்.

தெர்மாமீட்டர் தேவையில்லை. ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் போதும். இரண்டு சொட்டுப் பாகை அதில் விடுங்கள்.

* கரைந்து போனால், இன்னும் காய வேண்டும்.
* விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டால், அது உருட்டுப் பதம். மெல்லச் சாப்பிடும் பாருக்கு இது சரி.
* எடுத்து ஒடித்தால் 'டக்' என்று உடைந்து, பாத்திரத்தில் போட்டால் 'டங்' என்று சத்தம் வந்தால், அது உடையும் பதம். கடலை மிட்டாய்க்கு இதுதான் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால்தான் பல்லில் ஜவ்வாக இழுக்கும். சந்தேகமாக இருந்தால் அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். பதம் பார்க்கும் நேரத்துக்குள் பாகு கருகிவிடாது.

1. கடலை பார்

தேவையானவை: நிலக்கடலை - 300 கிராம், மண்டை வெல்லம் - 180 கிராம், தண்ணீர் - கால் கப், நெய் - 1 டீஸ்பூன், சுக்குப் பொடி அல்லது ஏலக்காய்ப் பொடி - அரை டீஸ்பூன், உப்பு - ஒரு சிட்டிகை.

செய்முறை: அடிகனமான சட்டியில் கடலையை மிதமான தீயில் 10 முதல் 12 நிமிடம் வறுக்கவும். ஆறியதும் கையால் கசக்கி, சுளகில் புடைத்துத் தோல் நீக்கவும். பருப்பு இரண்டாகப் பிரிந்தால் நல்லது, பாகு நன்றாகப் பிடிக்கும். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, மீண்டும் கொதிக்கவிடவும். உடையும் பதம் வந்ததும் நெய், உப்பு, பொடி சேர்த்து அடுப்பை அணைத்து, கடலையைக் கொட்டி வேகமாகக் கிளறவும். நெய் தடவிய தட்டில் கொட்டி, நெய் தடவிய டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்திச் சமப்படுத்தவும். 2 நிமிடத்தில், சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போடவும். ஆறிய பிறகு வெட்டினால் நொறுங்கும்.

24 துண்டுகள் வரும். ஒரு துண்டு 20 கிராம். அதில் வெல்லம் ஏழரை கிராம்தான், புரதம் சுமார் 3 கிராம். பெரியவர்களுக்குக் கடிக்கக் கடினமாக இருந்தால், அடுப்பை அணைக்கும் முன் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். பாகு நுரைத்து, மிட்டாய் இலகுவாக நொறுங்கும்.

2. அவல் பார்

கடையில் கிடைக்கும் கிரானோலா பார் மாதிரி மெத்தென்று வேண்டும் என்பவர்களுக்கு இது.

தேவையானவை: கெட்டி அவல் - 125 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய கடலை - 75 கிராம், பொரிகடலை - 50 கிராம், எள் - 25 கிராம், வெல்லம் - 165 கிராம், தண்ணீர் - 3 டேபிள்ஸ்பூன், நெய் - 1 டேபிள்ஸ்பூன்.

செய்முறை: அவலை வெறும் சட்டியில், விரலால் நசுக்கினால் நொறுங்கும் வரை சிறு தீயில் வறுக்கவும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பார் சவசவ என்று ஆகிவிடும். எள்ளைத் தனியாகப் பொரியவிடவும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, உருட்டுப் பதத்துக்குப் பாகு எடுத்து, நெய்யும் மற்ற எல்லாமும் சேர்த்துக் கிளறி, தட்டில் கொட்டி நன்றாக அழுத்தவும். இந்த பாரில் அழுத்துவதுதான் முக்கியம். லேசாக அழுத்தினால் வெட்டும்போது உதிரும். அரை மணி நேரம் ஆறவிட்டு 22 துண்டுகளாக வெட்டவும்.

அவலுக்குப் பதில் கம்புப் பொரியோ சோளப் பொரியோ கிடைத்தால் அதையும் போடலாம். பொரி எடை குறைந்து அதிக இடம் பிடிக்கும் என்பதால், பெரிய தட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பேரீச்சை பார்

பாகு என்றாலே பயம் என்பவர்களுக்கும், சமைக்கத் தெரியாத அப்பாக்களுக்கும் இதுதான் முதல் பாடம். கடலை, எள் வறுக்க மட்டும்தான் அடுப்பு.

தேவையானவை: கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் - 200 கிராம், வறுத்த கடலை - 100 கிராம், பொரிகடலை - 75 கிராம், வறுத்த எள் - 25 கிராம், நெய் - 1 டீஸ்பூன்.

செய்முறை: கடலையையும் பொரிகடலையையும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடித்துத் தனியாக வைக்கவும். தொடர்ந்து ஓட்டினால் கடலை எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். பேரீச்சையைத் தனியாக ஓட்டி, பிசுபிசுவென்று திரண்டதும் பொடி, எள், நெய் சேர்த்துக் கையால் பிசையவும். தட்டில் அழுத்தி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து 20 துண்டுகள் போடவும். பழம் காய்ந்து கெட்டியாக இருந்தால், 10 நிமிடம் வெந்நீரில் போட்டு, ஈரம் துடைத்துப் பயன்படுத்தலாம்.

இதில் வெல்லமும் இல்லை, சீனியும் இல்லை. ஆனாலும் 'சர்க்கரையே இல்லாத பார்' என்று நினைத்துவிட வேண்டாம். பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் இயற்கையான சர்க்கரைதான். கூடவே நார்ச்சத்தும் வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

எத்தனை சாப்பிடலாம்?

வெல்லமும் சர்க்கரையின் கணக்கில்தான் சேரும். இரும்புச் சத்து கொஞ்சம் இருக்கிறது என்பதற்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது. சேர்க்கும் சர்க்கரையும் தேனும் அன்றாடக் கலோரியில் 10 சதவிகிதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ம் ஆண்டு வழிகாட்டுதல். அந்த 5 சதவிகிதம் என்பது ஒரு பெரியவருக்குச் சுமார் 25 கிராம். காபி, டீயில் போடும் சீனியும் இதற்குள் அடக்கம்.

அதனால்தான் இங்கே துண்டுகள் சிறிதாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு துண்டு, விளையாடிவிட்டு வந்தால் இரண்டு. கூட ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ கொடுத்தால் பசி அடங்கும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இது பல்லில் ஒட்டும் பண்டம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், 'வீட்டில் செய்ததுதானே' என்று எடுத்துக்கொள்ளாமல், தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் மறந்துடாதீங்க!

* பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கடலையைப் பொறுக்கி எறியுங்கள். அதில் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு இருக்கலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.
* 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையோ உடைத்த கடலையோ உள்ள பாரைத் தர வேண்டாம், தொண்டையில் அடைக்கும். கடலையை நைசாகப் பொடித்துச் செய்த பேரீச்சை பாரைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, உட்காரவைத்துக் கொடுங்கள்.
* சில பிள்ளைகளுக்குக் கடலையோ எள்ளோ ஒவ்வாமை தரும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.
* கொதிக்கும் பாகு, கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது. தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பாகு வேலை நடக்கும்போது குழந்தைகள் அடுப்புப் பக்கம் வேண்டாம்.
* வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பார் கசிவது அதனால்தான். நன்றாக ஆறிய பிறகு, ஈரமில்லாத டப்பாவில் பட்டர் பேப்பர் இடையில் வைத்து இறுக மூடுங்கள். கடலை பார் வெளியிலேயே 2 வாரம் தாங்கும். அவல் பாரை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பேரீச்சை பாரை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிடுவது நல்லது.

வேலையைப் பிரிச்சுக்குங்க

ஒரு வாரத்துக்கான ஸ்நாக்ஸ் என்று சொல்லிவிட்டு, இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் அம்மாவிடமிருந்து பறித்துக்கொண்டால் என்ன பிரயோஜனம்? அதனால் வேலையைப் பங்கு போடுங்கள். சனிக்கிழமை ராத்திரி டி.வி. பார்த்துக்கொண்டே கடலையை வறுத்துத் தோல் நீக்குவது அப்பாவும் பிள்ளைகளும். ஞாயிறு காலையில் பாகு வைப்பது பதம் தெரிந்தவர், தாத்தா பாட்டி இருந்தால் அவர்களே பெஸ்ட். டம்ளரால் அழுத்துவது, பேரீச்சை மாவு பிசைவது, எண்ணி டப்பாவில் அடுக்குவது குழந்தைகள். கடலை தயாராக இருந்தால், பாகு வைத்து வெட்டி முடிக்க அரை மணி நேரம்தான்.

முதல் வாரம் பேரீச்சை பார், அடுத்த வாரம் அவல் பார், கை பழகியதும் கடலை பார் என்று ஏறுவது சுலபம். முதல் முறை பாகு பதம் தவறி ஜவ்வாகிவிட்டாலும் தூக்கிப்போட வேண்டாம். சிறு தீயில் மறுபடி இளக்கி, பொரிகடலை மாவு கலந்து உருண்டை பிடித்துவிடுங்கள். திங்கட்கிழமை ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு அது போதும்!